தனிஸ்லாஸ் கட்டிக்கொடுத்த எர்த்து

குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால் மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன்னால் தனிஸ்லாஸைத்தான் தேடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, கல்யாணம் ஆகாத மனிதர். சட்டைப்பையில் டெஸ்டரும் ஜெபமாலையும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டு கிடக்கும். டெஸ்டரை உருவினால் ஜெபமாலையும் கூடவே வரும். "நீ இரு தாயே, உன் வேலை அப்புறம்" என்று அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுத்தான் போர்டைத் திறப்பார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் அவரை இன்னும் 'எலெக்ட்ரிசியேன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தால்கூட அந்த வீட்டில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது ஒரே காரியம். ஒரு ஹோல்டரில் நூறு வாட் பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு வயர். ஒன்றைப் பிளக் பாயிண்டில் கரண்டு வரும் ஓட்டையில் செருகுவார், இன்னொன்றை எர்த்து ஓட்டையில். வழி தவறி பிரிட்ஜ், மோட்டார் என்று எதன் உடம்பிலாவது ஏறிக்கொள்ளும் கரண்டை இழுத்து மண்ணுக்குள் இறக்கிவிடும் பச்சை வயர்தான் எர்த்து. பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த்து நல்லாயிருக்கிறது. மங்கினால் சீக்கு. எரியவே இல்லை என்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்துகொண்டு வேலையை முடித்துவிட்டுத்தான் எழுவார். "கரண்டு இல்லாம இருட்டுல உக்காந்தாலும் உக்காருங்க, எர்த்து இல்லாம உக்காராதீங்க" என்று அவர் வீடு வீடாகச் சொன்னது குப்பத்தில் குழந்தைக்குக்கூட மனப்பாடம். ஊருக்கெல்லாம் பல்பு போட்டுப் பார்த்த அந்த மனிதர் ஒரே ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை. அது அவருடைய தங்கச்சி வேளாங்கண்ணியின் வீடு.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது வேளாங்கண்ணிக்குப் பதினொரு வயது, இவருக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டதும் இவர்தான், மீன்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்ததும் இவர்தான். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, பாப்பா என்றுதான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு எஞ்சின் வேலை பார்த்த விக்டருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். பின்னால் அவர்கள் ஒரு வீடு கட்டியபோது, "உனக்கு நகை நட்டுன்னு நான் பெருசா ஒண்ணும் செய்யல பாப்பா, வயரிங் என் சீரா இருக்கட்டும்" என்று சொல்லி, மெயின் போர்டிலிருந்து பூஜைமாடத்து மாதா விளக்கு வரை தன் கையாலேயே இழுத்துக் கொடுத்தார்.

எர்த்தையும் அவர்தான் கட்டினார். கடலை ஒட்டிய அந்த மணலில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த கம்பி நாலைந்து வருஷத்தில் துருவேறிக் காணாமல் போய்விடும். அதனால் குப்பத்து வயர்மேன்கள் எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார். வீட்டுப் பின்பக்கம் போர் போட்டு இறக்கியிருந்த இரும்புக் குழாயில் ஒரு கிளாம்பை முடுக்கி, பச்சை வயரை அதில் கட்டினார். தண்ணீருக்குள் நாற்பதடி இறங்கிய இரும்புக்கு மேல் எர்த்து உண்டா என்பது அவர் கேள்வி. பல்பு போட்டுப் பார்த்தார், கண் கூசியது. "இது என் ஆயுசுக்கும் போதும், உன் ஆயுசுக்கும் போதும்" என்று மச்சினரிடம் பெருமையடித்துக்கொண்டார். விக்டரும் எஞ்சின்காரர் இல்லையா, "உங்க எர்த்த விட உங்க வாய்தான் மச்சான் ஸ்ட்ராங்கு" என்றார்.

இருபது வருஷம் அந்தப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தனிஸ்லாஸுக்கு அங்கேதான் சாப்பாடு. விக்டர் இல்லாத கேலியெல்லாம் செய்வார், இவர் எதிர்க்கேலி செய்வார், வேளாங்கண்ணி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே பரிமாறுவாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை ஜெர்ரி. படித்துவிட்டு கதிர்காமம் பக்கம் ஒரு தனியார் லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி.

போன வருஷம் ஜூன் மாசம் ஜெர்ரி ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். வேளாங்கண்ணிக்கு அது பிடிக்கவே இல்லை. "டிவியில தெனம் காட்றான், அங்க எரிஞ்சிது இங்க வெடிச்சிதுன்னு. போயும் போயும் அதயா வாங்குன? வீட்டுக்குள்ள கொள்ளிக்கட்டய வச்சிக்கினு தூங்கச் சொல்றியா?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். விக்டருக்கோ வண்டிமேல் காதலே வந்துவிட்டது. சத்தமே போடாத எஞ்சினை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்கப் போய்விடுவார்.

சார்ஜ் போட வாசலில் தனியாகப் பதினைந்து ஆம்ப்ஸ் சாக்கெட் வேண்டும் என்றான் ஜெர்ரி. தனிஸ்லாஸ் வந்தார். மெயினிலிருந்து தடித்த வயராக இழுத்தார். எர்த்து பழையதுதான், தான் கட்டியதுதான். இருந்தாலும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று பின்பக்கம் போனார். ஜெர்ரி கூடவே வந்து செல்போன் லைட்டைப் பிடித்தான், அந்த மூலையில் பகலிலும் இருட்டுத்தான். குழாய் வெள்ளி நிறத்தில் மின்னியது. கிளாம்ப் இருந்த இடத்தில் இருந்தது. கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார், இம்மி அசையவில்லை.

"பல்பு போட்டுப் பாக்கலியா மாமா?" என்று கேட்டான் ஜெர்ரி.

"எங்கிட்டயேவா?" என்று சிரித்தார் தனிஸ்லாஸ். பல்பு முன்ரூமில் பைக்குள் இருந்தது. பத்தடி நடந்தால் எடுத்து வந்திருக்கலாம். தான் கட்டிய எர்த்தைத் தானே சந்தேகப்படுவதா என்று அவருக்கு ஒரு வீம்பு.

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம் அது நடந்தது. விடிய விடிய மழை பெய்து விட்டிருந்தது. ஜெர்ரி ராத்திரி டூட்டி முடித்து விடிகாலையில் வந்தவன், வண்டியைத் தண்ணீரில் நிறுத்த மனசில்லாமல் ஒரு மரப்பலகைமேல் ஏற்றி நிறுத்தி, பிளக்கைச் சொருகிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். விக்டர் எழுந்தார். வழக்கம்போல ஈரத்துணி. வாசலில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர், வெறும் கால். வண்டியின் முன்பக்கக் கம்பியைப் பிடித்ததுதான் தெரியும்.

வேளாங்கண்ணி பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை இறக்கினார். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். போன இடத்தில் பார்த்துவிட்டு, உயிர் போய் அரைமணி நேரம் ஆகிறது என்றார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து வேளாங்கண்ணி பிள்ளையின் சட்டையைப் பிடித்தாள். "நான் வேணாம் வேணாம்னு தலதலயா அடிச்சிக்கினேனே, கேட்டியா? பிளக்க சொருவிட்டுத் தூங்குனியே, உங்கப்பன ஒரேயடியா தூங்க வச்சிட்டியே!" என்றாள். அதுதான் அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குப்பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வயரிங்கை முழுக்கச் சோதித்து, லைசென்ஸ் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கும்வரை வீட்டில் மெயினை ஏற்றக்கூடாது என்று விசாரிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். லைசென்ஸ் உள்ளவர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஒரு வேலையும் ஓடாமல் சுவரில் சாய்ந்து கிடந்த வேளாங்கண்ணி, "நீயே பாத்துக்கண்ணே, அந்த பிளக்க மட்டும் மொதல்ல புடுங்கிப் போட்டுடு" என்றாள்.

சோதிப்பதற்காக மெயினை ஏற்றிவிட்டு தனிஸ்லாஸ் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை பல்பை எடுத்துக்கொண்டுதான் வந்தார். ஒரு வயரைக் கரண்டிலும் ஒன்றை எர்த்திலும் செருகினார். பல்பு எரியவில்லை. பல்பு போயிருக்கும் என்று உள்ளே போய் வேறு பல்பு மாட்டினார். அதுவும் எரியவில்லை. பிறகு டெஸ்டரை எடுத்து எர்த்து ஓட்டையில் வைத்தார். அது எரிந்தது. எந்த ஓட்டையில் கரண்டு இருக்கவே கூடாதோ அந்த ஓட்டையில் கரண்டு நின்றது.

ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தார். சமையற்கட்டில் பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு வந்து வைத்தபோது வாசலில் டெஸ்டர் எரியவில்லை. மழைக்காலத்து ஈரத்தில் பிரிட்ஜ் மோட்டாரில் கசிவு. எர்த்து சரியாக இருந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போயிருக்கும், கூடிப்போனால் ஒரு ப்யூஸ் போயிருக்கும். போக வழியில்லாமல் அது வீட்டுப் பச்சை வயர் முழுக்க ஏறி நின்றுகொண்டது. சார்ஜரின் மூன்றாவது பின் வழியாக வண்டியின் கம்பிக்கு வந்தது. வண்டி மரப்பலகைமேல், விக்டர் தண்ணீரில்; அது மண்ணுக்கு இறங்க அவர் உடம்பு ஒன்றுதான் வழி. வண்டியிலும் குற்றமில்லை, பிளக்கைச் சொருகிய பிள்ளையிடமும் குற்றமில்லை. காப்பாற்றுவதற்கென்று தனிஸ்லாஸ் கட்டிய வயர்தான் கரண்டைக் கொண்டுபோய் அந்த மனிதரின் கையில் கொடுத்திருக்கிறது.

பின்பக்கம் போய் உட்கார்ந்தார். கிளாம்ப் அப்படியே முடுக்கமாக இருந்தது. பையிலிருந்து கத்தியை எடுத்துக் குழாயைச் சுரண்டினார். வெள்ளிப் பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளே இரும்பு இல்லை. பிளாஸ்டிக்.

உப்புத்தண்ணீரில் அரித்துப்போன பழைய குழாயை முந்தின வருஷம் மழைக்கு முன்னால் மாற்றினார்கள் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பிளம்பர் வடிவேல் நல்ல மனுஷன், எதையும் அரைகுறையாக விடமாட்டான். இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இறக்கியவன், தொங்கிய பச்சை வயரைப் பார்த்து, எதற்கோ கட்டியிருக்கிறார்கள், இருந்தபடி இருக்கட்டும் என்று கிளாம்பைத் திரும்பப் பொறுப்பாக முடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு விக்டர் கேட்டுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். குழாய்க்கும் அடித்திருக்கிறார். ஜூன் மாசம் தனிஸ்லாஸ் வந்தபோது அது பழைய இரும்பு மாதிரியே மின்னிக்கொண்டு நின்றது.

அன்றைக்கே வேளாங்கண்ணியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கினார், பிரிட்ஜை ஓரம் கட்டினார், வீட்டு மூலையில் புதிதாக ஆழக் குழி தோண்டிச் செம்புத் தகடு இறக்கினார், எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதற்கு அண்ணே குழி என்று அவள் கேட்டதற்கு, "இப்போல்லாம் ரூல்ஸ் அப்படி" என்றார். தங்கச்சி தன்னை இனிமேல் அண்ணே என்று கூப்பிடமாட்டாளோ என்கிற பயம்தான். லைசென்ஸும் பேரும் போவது அவருக்கு அப்புறம்தான்.

மறுநாளிலிருந்து குப்பத்தில் தான் எர்த்து கட்டிய வீடுகளுக்கெல்லாம் கூப்பிடாமலே போனார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு பல்பு போட்டுப் பார்த்தார். மூன்று வீட்டில் பிளாஸ்டிக் குழாயில் கிளாம்ப். மூன்றையும் கூலி வாங்காமல் சரிசெய்தார். மச்சினர் போன துக்கத்தில் தனிஸ்லாஸுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு வீட்டில் மட்டும் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. வேளாங்கண்ணி சோறு ஆக்கி மூடி வைப்பாள், ஜெர்ரியைச் சாப்பிடு என்று சொல்லமாட்டாள். அவன் ஹாலுக்கு வந்தால் அவள் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். அவன் வண்டியைத் தெருமுனையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். ஒருநாள் மாலை கடற்கரைக் கல்லில் மாமனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டான்.

"மாமா, உண்மைய சொல்லுங்க. அன்னிக்கு நான் பிளக் போடாம படுத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு இல்ல?"

தனிஸ்லாஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதெல்லாம் நெனச்சிக் கொழப்பிக்காதடா. கர்த்தர் கூப்ட்டுக்கினாரு" என்றார். கர்த்தர்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் அன்றிரவு ஜெபமாலையைக் கையில் எடுக்கவே கூசினார்.

"முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் சென்னைக்குப் போறேன் மாமா. அங்க ஒரு லேப்ல சொல்லி வச்சிருக்கேன். இனிமே வரமாட்டேன். அம்மா என் மூஞ்சிய பாக்காம நிம்மதியா இருக்கட்டும்" என்றும் அவன் சொல்லியிருந்தான். சொல்லும்போது அழவில்லை, அதுதான் தனிஸ்லாஸைக் கலக்கியது.

முப்பதாம் நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க விக்டர் படம் போட்ட நினைவு அட்டை அச்சடிக்க வேளாங்கண்ணி ஏற்பாடு செய்திருந்தாள். பிழை பார்த்துச் சொல்லும்படி பிரஸ்ஸிலிருந்து இராமதாஸ் கூப்பிட்டார். தனிஸ்லாஸ் போனார். அட்டையில் விக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, கண்ணீருடன் என்று போட்டு, மனைவி வேளாங்கண்ணி, மைத்துனர் தனிஸ்லாஸ் என்று இரண்டே பேர்.

"பையன் பேர் உட்டுப்போச்சே இராமதாஸ்" என்றார்.

"உட்டுப்போவல. நானும் கேட்டேன். எழுதிக் குடுத்தத மட்டும் போடுன்னு சொல்லிட்டாங்க" என்றார் இராமதாஸ், முகத்தைப் பார்க்காமல்.

தனிஸ்லாஸ் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பேர். செத்தவரைச் சாகக் கொடுத்தவன் பேர் கண்ணீருடன் அச்சாகியிருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு, சைக்கிளை மிதிக்கக்கூடத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே குப்பத்துக்கு வந்தார்.

வேளாங்கண்ணி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஜெர்ரி உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். "டேய், நீயும் வா" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் போனார். அவன் வந்து கதவோரம் நின்றான். அவனைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பா, ஜெர்ரிமேல தப்பு இல்ல. வண்டிமேலயும் இல்ல" என்று ஆரம்பித்தார் தனிஸ்லாஸ். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "தப்பு என்னுது. எர்த்து வேலை செய்யல. நான் அன்னிக்கு சாக்கெட் மாட்டும்போது பல்பு போட்டுப் பாக்கல. மூணாம் நாளே கண்டுபிடிச்சிட்டேன், பயந்துக்கினு சொல்லல."

அவள் புரியாமல் பார்த்தாள். குழாயருகில் அவளை அழைத்துப் போய், குந்தி உட்கார்ந்து சுரண்டின இடத்தைக் காட்டினார். இரும்பு போய்ப் பிளாஸ்டிக் வந்ததையும் பிரிட்ஜில் கசிந்ததையும் அது வாசலுக்கு வந்த வழியையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எவ்வளவு பெரிய பாவத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டியிருக்கிறது.

"நான் வந்து பாத்தேன் பாப்பா. கிளாம்ப ஆட்டிக்கூட பாத்தேன். வெள்ளியா மின்னிச்சி, இரும்புன்னு நெனச்சிட்டேன். இந்தப் பெயிண்ட் மட்டும் இல்லன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வேளாங்கண்ணி துவைக்கிற கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பெயிண்ட்ட நான்தாண்ணே அடிக்கச் சொன்னேன்" என்றாள்.

தனிஸ்லாஸ் நிமிர்ந்தார்.

"கேட்டுக்கு அடிச்சது மிச்சம் இருந்திச்சி. காஞ்சி வீணாப் போவுது, அந்தப் பைப்புக்கும் ஒரு இழுப்பு இழுத்து வுடுன்னேன். இடுப்பு வலிக்குது, பின்னாடிதான, யாரு பாக்கப் போறான்னாரு. நான்தான் உடல. கிறிஸ்துமஸுக்கு வீடு பளிச்சின்னு இருக்க வேணாமான்னு புடிவாதமா அடிக்க வச்சேன். அவரு பாட்டுக்கு உட்டிருந்தாருன்னா நீ பாத்திருப்ப இல்ல? உனுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?" சொல்லச் சொல்ல அவள் கண் எங்கேயோ நிலைகுத்திப் போனது. இரண்டு கையையும் விரித்து அதையே பார்த்தாள். "நானே என் கையால..."

தனிஸ்லாஸ் பதறிப்போனார். பிள்ளையின் தலையிலிருந்து இறக்கியதைக் கொண்டுபோய்த் தங்கச்சியின் தலையில் வைத்துவிட்டோமே என்று அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. பிள்ளையாவது இருபத்தாறு வயசுக்காரன், ஓடியாவது போவான். இவள் இந்தக் குழாய் நிற்கிற வீட்டிலேயே இருக்க வேண்டும். தினமும் இதில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

"இல்ல பாப்பா" என்றார். "நான் பாக்கவே இல்ல."

"இப்பதான பாத்தேன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன். என்மேல தப்பு கொறையட்டும்னு சொன்னேன். நான் அன்னிக்கு பின்பக்கமே வரல. வாசல்ல மாட்டிட்டு டீய குடிச்சிட்டுப் போயிட்டேன். பெயிண்ட் அடிச்சிருந்தா என்னா, அடிக்காட்டி என்னா? பாக்காதவனுக்கு என்னா தெரியும்?"

வேளாங்கண்ணி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினாள். இருபத்தெட்டு நாளைக்குப்பிறகு முதல்முறையாகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கூடத்தான இருந்த? மாமா பின்னாடி வந்து பாக்கலியாடா?"

ஜெர்ரி வாயைத் திறந்தான். லைட்டைப் பிடித்தவன் அவன். கிளாம்பை ஆட்டிய கையைப் பார்த்தவன் அவன். ஒரு வார்த்தை போதும், மாமன் ஏமாந்துபோன மனுஷன் ஆகிவிடுவார். தனிஸ்லாஸ் அவனைப் பார்த்தார். அம்மாவுக்குத் தெரியாமல் வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். ஜெர்ரி அம்மாவின் விரிந்த கைகளைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வரலம்மா" என்றான்.

வேளாங்கண்ணி எழுந்தாள். முகம் வேறாகியிருந்தது. அந்தக் கைகள் இப்போது இடுப்புத்துணியை இறுக்கிச் செருகின.

"பத்தடி" என்றாள். "வாசல்லேர்ந்து இங்க பத்தடி. ஊர்ல இருக்கற அத்தினி வூட்லயும் மண்டி போட்டுப் பாத்தியே. உன் தங்கச்சி வூட்ல எட்டிப் பாக்க உனுக்கு நேரமில்லியா? ஏமாந்துட்டேன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேண்ணே. பாக்கவே இல்லியா?"

"இல்ல பாப்பா."

"பாப்பான்னு கூப்புடாத. போ. பூசைக்கு வராத. இந்த வூட்டுக்கு வராத."

தனிஸ்லாஸ் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஜெர்ரி தாங்கிப்பிடிக்க ஒரு எட்டு வைத்தான், அவர் கண்ணாலேயே அவனை நிறுத்தினார். சுவரோரமாக நடந்து வாசலுக்கு வந்தார். சைக்கிளில் அந்த அட்டை செருகியபடியே இருந்தது. அதை எடுத்துப் படிக்கட்டில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தார். இராமதாஸிடம் யாரைச் சேர்க்க வேண்டும், யாரை எடுக்க வேண்டும் என்று இனி அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

கேட்டைச் சாத்தும்போது பின்பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. வேளாங்கண்ணிதான். ஆனால் தனியாக இல்லை. கூடவே ஆண்பிள்ளையின் அழுகையும் கேட்டது. புருஷன் செத்த அன்றைக்கு அழுது முடிக்காததையெல்லாம் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவள் இப்போதுதான் அழுகிறாள் என்று தனிஸ்லாஸுக்குப் புரிந்தது. தெருவில் நின்று அதைக் கடைசிவரைக்கும் கேட்டார். உள்ளே ஓடிப்போய் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுகை ஓய்ந்தபிறகு வேளாங்கண்ணியின் குரல் வந்தது.

"சாப்ட்டியாடா?"

"இல்லம்மா."

தனிஸ்லாஸ் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.